கதவு உள்ள வண்டியை வாங்கு

அருண்,

"ஒரே வார்த்தையில சொல்லும்மா. ப்ளூவா, பிரவுனா?" என்று போன ஞாயிற்றுக்கிழமை போனில் கேட்டாய். யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். யோசிக்க ஒன்றும் இல்லை, பதில் எனக்கு அப்போதே தெரியும். ஆனால் ஒரே வார்த்தையில் சொன்னால் நீ சிரிப்பாய், காரணத்தோடு சொன்னால் பாதியில் போனை வைத்துவிடுவாய். காகிதத்தைப் பாதியில் வைக்க முடியாது, கிழிக்கத்தான் முடியும். கிழிப்பதற்கு முன் நாலு வரியாவது கண்ணில் படும் என்றுதான் எழுதுகிறேன். தமிழ் படிக்க வராது என்று என்னிடம் கதை விடாதே. பத்து வயது வரை மதுரையில் படித்தவன் நீ. மெதுவாகப் படி. வேலைதான் போய்விட்டதே, நேரம் இருக்கிறது.

வேலை போனதை நான் குத்திக்காட்டவில்லை. இந்த வருஷம் யாருக்குத்தான் போகவில்லை? வீட்டில் நான் நடத்தும் டேகேரில் விடும் குழந்தைகளில் பாதிப் பேரின் அப்பாக்கள் வீட்டில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். நீ சன்னிவேல் அப்பார்ட்மெண்டைக் காலி செய்துவிட்டு, உள்ளேயே வீடு மாதிரி இருக்கும் மோட்டார்ஹோம் ஒன்றை வாங்கி, நித்யாவைக் கூட்டிக்கொண்டு மூன்று மாசம் நாட்டைச் சுற்றப் போவதாகச் சொன்னபோது முதலில் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. கல்யாணமாகி ஒரு வருஷம் ஆகப்போகிறது, அந்தப் பெண் எங்கேயும் போனதில்லை. பிறகு இரண்டு கம்பெனிகளைச் சொன்னாய். பெயரெல்லாம் என் வாயில் நுழையாது. ஒன்று பஸ் மூஞ்சி, பக்கத்தில் நீலக் கோடு போட்டது. இன்னொன்று வேன் மூஞ்சி, பழுப்புக் கோடு. "அப்பா வாங்கின அதே கம்பெனிதான்மா ப்ளூ. நாஸ்டால்ஜியா!" என்று சிரித்தாய். என் கையில் இருந்த கரண்டி நழுவிக் கீழே விழுந்தது. அந்தச் சத்தத்தைத்தான் நீ என்ன என்று கேட்டாய், ஒன்றும் இல்லை என்றேன்.

உன் அப்பாவும் இதே இரண்டு கம்பெனிகளுக்கு நடுவில்தான் ஒரு வருஷம் அலைந்தார். உனக்கு ஞாபகம் இருக்கும், ஒவ்வொரு சனிக்கிழமையும் ஆலன் வீட்டிலிருந்து கிளம்பி, வண்டி விற்கும் அந்தப் பெரிய லாட்டுக்குப் போவோம். நீ பின் சீட்டில் பாட்டுக் கேட்டுக்கொண்டு வருவாய். அவர் வண்டிக்கு அடியில் படுத்துப் பார்ப்பார், சுவரைத் தட்டிப் பார்ப்பார், கூரைமேல் ஏறி நடப்பார். அவர் வருவதைப் பார்த்தாலே சேல்ஸ்மேன்கள் காபி குடிக்கக் கிளம்பிவிடுவார்கள். தமிழ்ச் சங்கத்தில் யார் கிடைத்தாலும் பிடித்து வைத்து, சாம்பார் சாதம் தட்டில் ஆறிப்போகும் வரை இந்த இரண்டு கம்பெனிகளைப் பற்றியே பேசுவார். அவரை யாரும் குறை சொல்ல முடியாது, அத்தனை விவரமான மனுஷர். ஒரு நட்டு போல்ட்டைக் கூட அவர் விடவில்லை. என்னைத்தான் ஒரு தடவையும் கேட்கவில்லை.

நான் என்ன பார்த்தேன் தெரியுமா? பழுப்புக் கோட்டு வண்டியின் பின்பக்கம் ஒரு சின்னப் படுக்கையறை. அதற்கு மரக் கதவு. கதவில், உள்பக்கம், ஒரு பித்தளைத் தாழ்ப்பாள். அவர் கீழே சேல்ஸ்மேனோடு சக்கரத்தைப் பற்றி வாதாடிக்கொண்டிருந்தபோது நான் அந்த அறைக்குள் போய்த் தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தேன். வெளியே அவர் குரல் கேட்கிறது, ஆனால் அவர் உள்ளே வர முடியாது. அவ்வளவு நிம்மதியாக நான் அமெரிக்காவில் எங்கேயும் உட்கார்ந்ததில்லை. நீலக் கோட்டு வண்டியில் அந்த இடத்தில் ஒரு மடக்குத் திரை, தண்டவாளத்தில் ஓடுகிற மாதிரி. காந்தத்தால் ஒட்டிக்கொள்ளும். குழந்தை இழுத்தால் வந்துவிடும். இன்னொன்றும் பார்த்தேன். வேன் மூஞ்சி வண்டியில் டிரைவருக்கு ஒரு கதவு, பக்கத்தில் உட்காருபவருக்கு ஒரு கதவு. பஸ் மூஞ்சியில் பக்கத்து சீட்டுக்குக் கதவே இல்லை. இறங்க வேண்டுமென்றால் எழுந்து, பின்னால் நடந்து, நடுவில் இருக்கும் ஒரே கதவுக்குப் போக வேண்டும்.

"இது நல்லா இருக்குங்க, இதையே வாங்கலாம்" என்று பழுப்புக் கோட்டைக் காட்டினேன். "ஏன்?" என்றார். "ரூமுக்குக் கதவு இருக்கு." அவர் சேல்ஸ்மேனைப் பார்த்து இங்கிலீஷில் ஏதோ சொல்லிச் சிரித்தார், பிறகு என்னைப் பார்த்தார். "குடும்பத்துக்குள்ள கதவு எதுக்குடி? வெயிட்டுதான் வேஸ்ட்."

அருண், உன் அப்பா என்னை அடிப்பார். இதை நாம் இரண்டு பேரும் வாய்விட்டுப் பேசியதே இல்லை. ஒரே வீட்டில் இருந்தோம், ஒரே சத்தத்தைக் கேட்டோம், மறுநாள் காலையில் ஒரே தோசையைத் தின்றோம். வீட்டிலாவது எனக்குப் பாத்ரூம் இருந்தது. ஓடிப்போய்ப் பூட்டிக்கொள்வேன், அவர் கதவை உதைத்து அலுத்துப்போய் டிவி போடும் சத்தம் கேட்டதும் வெளியே வருவேன். பெரிய வீட்டில் அடி வாங்குகிறவளுக்கு ஓட இடம் உண்டு. அவருக்கும் துரத்திக்கொண்டு வருவதற்குள் கொஞ்சம் மூச்சு வாங்கும், பாதி நாள் அதிலேயே கோபம் இறங்கிவிடும். அந்த வண்டிக்குள் அவர் கைக்கு எட்டாத இடம் என்று ஒன்று இல்லை. நடுவில் நின்று இரண்டு கையையும் விரித்தால் முடிந்தது கதை.

நீலக் கோட்டைத்தான் வாங்கினார். எலுமிச்சம்பழத்தை நசுக்கி, சக்கரத்துக்கு முன்னால் கற்பூரம் காட்டி, பக்கத்து வீட்டு அங்கிள் ஆன்ட்டிக்கெல்லாம் கேசரி கொடுத்தோம். எல்லோரும் ஏறிப் பார்த்து வாயைப் பிளந்தார்கள். "லக்கி லேடி நீங்க" என்று ஒரு ஆன்ட்டி என் கையைப் பிடித்துச் சொன்னாள். அந்தக் கையில் முழங்கைக்கு மேலே அப்போதும் நீலம் பாரித்திருந்தது, முழுக்கை ரவிக்கை போட்டிருந்தேன்.

பள்ளி லீவு விட்டதும் மேற்கே கிளம்பினோம். முதல் நாள் காலையே நான் வெங்காயமும் மிளகாயும் தாளித்ததில் கூரையில் இருந்த புகை அலாரம் கத்த ஆரம்பித்தது. நிறுத்தத் தெரியவில்லை. அவர் தோசைத் திருப்பியைப் பிடுங்கி அதை அடித்தார். அது நொறுங்கிக் கொட்டிய பிறகும் நிறுத்தாமல் அடித்தார். பிளாஸ்டிக் தூள் உன் தட்டில் விழுந்தது. நீ அதைப் பொறுக்கி ஓரமாக வைத்துவிட்டுச் சாப்பிட்டாய். அன்றைக்கு அடி அலாரத்தோடு போயிற்றே என்று நான் மனதுக்குள் நன்றி சொன்னேன்.

ஃப்ரீவேயில் மேப் என் மடியில். எந்த எக்ஸிட்டில் இறங்க வேண்டும் என்று நான்தான் சொல்ல வேண்டும். எழுத்து பொடிப்பொடியாக இருக்கும், வண்டி குலுங்கும், நான் கண்டுபிடிப்பதற்குள் எக்ஸிட் கடந்துவிடும். அவர் ஸ்டியரிங்கில் இடது கையை வைத்துக்கொண்டு வலது கையால் அறைவார், ரோட்டிலிருந்து பார்வையை எடுக்காமலே. அத்தனை பழக்கம். ஒரு தடவை மோதிரம் உதட்டில் பட்டு இரத்தம் மேப்பில் சொட்டியது. பக்கத்தில் கதவு இருந்தால் குதித்திருப்பேன் என்று சொல்லவில்லை. இருந்தால் குதிக்க முடியும் என்ற நினைப்பாவது இருந்திருக்கும். கண்ணாடி வழியாக டெக்ஸஸ் முழுக்க வெட்டவெளியாகத் தெரிகிறது, இறங்க வழி இல்லை.

அந்த மத்தியானத்தை நீ மறந்திருக்க மாட்டாய். மேற்கு டெக்ஸஸில் இந்த மாதிரி வண்டிகளை நிறுத்தித் தங்கும் ஒரு கேம்ப்கிரவுண்ட், மொட்டை வெயில். கழிவுக் குழாயை அவர் சரியாக மாட்டாமல் வால்வைத் திறந்துவிட்டார். எல்லாம் அவர் கால்மேலேயே கொட்டியது. எதிர்ச்சாரியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த ஒரு கிழவரும் கிழவியும் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு இல்லை, "எங்களுக்கும் முதல் நாள் இப்படித்தான் ஆச்சு" என்று எழுந்து வந்து உதவி செய்யப் பார்த்தார்கள். அவர் அவர்களிடம் "தேங்க் யூ, தேங்க் யூ" என்று சிரித்துக்கொண்டே காலைக் கழுவினார். அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும். நான் உள்ளே போய்ப் பின்னால் நின்றுகொண்டு திரையை இழுத்துவிட்டேன். காந்தம் டக்கென்று ஒட்டியது.

அவர் உள்ளே வந்து நடுக்கதவைச் சாத்தினார். திரையைத் திறக்கவில்லை, தண்டவாளத்தோடு பிய்த்து எடுத்தார். "அவங்க முன்னாடி ஈன்னு நின்னியே, ஒரு வார்த்தை சொன்னியாடி வால்வு தொறந்திருக்குன்னு?" என்று என் தலைமுடியைச் சுற்றிப் பிடித்து ஃபிரிட்ஜ் கதவில் மோதினார். ஒரு தடவை, இன்னொரு தடவை. ஃபிரிட்ஜ் திறந்துகொண்டு தயிர்ப் பாத்திரம் விழுந்து உடைந்தது, நான் அதன்மேல் விழுந்தேன். எழுந்திருக்கப் பார்த்தால் விலாவில் உதைத்தார். அந்த வண்டி ஸ்பிரிங்மேல் நிற்பது. உள்ளே ஒருத்தரை அடித்தால் முழு வண்டியும் ஆடும். ஜன்னல் வழியாக அந்தக் கிழவியை நான் பார்த்தேன். வண்டி ஆடுவதைப் பார்த்துவிட்டு அவள் வெட்கத்தோடு முகத்தைத் திருப்பிக்கொண்டு, கிழவரை முழங்கையால் இடித்துச் சிரித்தாள். என்னவென்று நினைத்துக்கொண்டாள் என்று உனக்குப் புரியும். இன்றைக்கும் மற்ற எதையும்விட அந்தச் சிரிப்பை நினைத்தால்தான் எனக்கு வயிறு எரிகிறது.

நீ கேம்ப்கிரவுண்டின் குளியல் ஷெட்டில் குளித்துவிட்டு வந்துகொண்டிருந்தாய். நீ ஒருத்தன்தான் அந்த ஆட்டத்தைப் பார்த்து ஓடி வந்தாய். வீல் ஸ்பேனர் உன் கையில் எப்படி வந்தது என்று எனக்குத் தெரியாது. கதவு திறந்தது, வெளிச்சம் வந்தது, அவர் திரும்பினார், அவருடைய வலது கையில் அடி விழுந்தது. எலும்பு உடைந்த சத்தம் விறகு ஒடிக்கிற மாதிரி கேட்டது. அவர் "அம்மா" என்று கத்தி உட்கார்ந்துவிட்டார். அந்த அடி எனக்காக விழுந்தது. உன்னைப் பெற்றதற்கு அன்றைக்குப் பெருமைப்பட்டேன். இப்போதும் அதை மறைக்க மாட்டேன், அந்த அடி விழாமல் இருந்தால் இந்தக் கடிதத்தை எழுத நான் இருந்திருக்க மாட்டேன்.

ஆனால் நீ இரண்டாவது தடவையும் அடித்தாய். அவர் தரையில் உட்கார்ந்து, உடைந்த கையை மடியில் வைத்துக்கொண்டு, "வேணாண்டா, வேணாண்டா" என்று சொல்லிக்கொண்டிருந்தபோது. அந்த அடி தோளில் விழுந்தது. மூன்றாவதற்கு ஓங்கினாய், நான் எழுந்து ஸ்பேனரைப் பிடித்தேன். அப்போது நீ என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, ஓங்கிய கையை ஒரு நொடி என் பக்கம் திருப்பினாய். அடிக்கவில்லை. ஆனால் அந்த முகத்தை எனக்கு நன்றாகத் தெரியும், பதினெட்டு வருஷமாகத் தினமும் பார்த்த முகம். அது உன் அப்பா முகம்.

சிரித்த அந்தக் கிழவர்தான் தன் பிக்கப்பில் அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். "படியில் வழுக்கிவிட்டது" என்று உன் அப்பா டாக்டரிடம் சொன்னார். என் நெற்றியைப் பார்த்து டாக்டர் என்னிடமும் கேட்டார், நானும் படியைத்தான் சொன்னேன். ஒரே படியில் எத்தனை பேர்தான் வழுக்கி விழுவோம்! டாக்டர் என்னைத் தனியாக ஒரு அறைக்குக் கூப்பிட்டு மறுபடியும் கேட்டார். மறுபடியும் படி என்றேன்.

மறுநாள் வண்டியை ஓட்ட ஆள் இல்லை. நீ ஓட்டுகிறேன் என்றாய். நான் விடவில்லை. என்னிடம் லைசன்ஸ் இருந்தது, அவர் அதைக் கடையில் காட்டும் அடையாள அட்டையாக மட்டும் வைத்திருக்க விட்டிருந்தார். கையில் கட்டோடு அவர் பக்கத்து சீட்டில், கதவில்லாத அந்த சீட்டில் உட்கார்ந்தார். நீ பின்னால், திரை பிய்ந்த அறையில் படுத்துக்கிடந்தாய். ஸ்டியரிங் என் இரண்டு கைக்கும் அடங்கவில்லை. லாரிக்காரர்கள் ஹாரன் அடித்துக்கொண்டு போனார்கள். டாலஸை நெருங்கும்போது ஒரு எக்ஸிட்டைத் தவறவிட்டேன். என் கை தானாக முகத்தை மறைக்க உயர்ந்தது. யாரும் அடிக்கவில்லை. அடுத்த எக்ஸிட்டில் இறங்கித் திரும்பி வந்தேன். அவ்வளவுதான் விஷயம், அடுத்த எக்ஸிட் என்று ஒன்று எப்போதும் இருக்கிறது. இதற்காகவா இத்தனை வருஷம் அறை வாங்கினேன் என்று ஓட்டிக்கொண்டே அழுதேன், கோபத்தில்.

அதற்குப் பிறகு அவர் என்மேல் கை வைக்கவில்லை. சாகும் வரை வைக்கவில்லை. மூன்று வருஷம் முன்னால் அவர் போனபோது வந்தவர்களெல்லாம் தங்கமான மனுஷர் என்றார்கள், கடைசி ஐந்து வருஷத்தைக் கணக்கில் எடுத்தால் அதுவும் பொய் இல்லை. இதுதான் எனக்குப் பயம், அருண். உன் அடி வேலை செய்தது. எத்தனை தடவை கெஞ்சியும் அழுதும் கிடைக்காதது இரண்டு அடியில் கிடைத்தது. அதை நீ பதினேழு வயதில் கண்ணால் பார்த்தாய். அடித்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று ஒருத்தன் கற்றுக்கொள்ள அதைவிட நல்ல பாடம் வேண்டுமா? அப்பாவை வெறுத்ததால் நீ அவர் மாதிரி ஆக மாட்டாய் என்று நான் நம்பினேன். அவரும் அவருடைய அப்பாவை வெறுத்தவர்தான்.

பொங்கலுக்கு உன் வீட்டுக்கு வந்தபோது துணி அலமாரிக் கதவில் மளிகைக்கடைக் காலண்டர் தொங்கியது. காலண்டரை யாராவது அலமாரிக் கதவில், அதுவும் இடுப்பு உயரத்தில் மாட்டுவார்களா? தூக்கிப் பார்த்தேன். பின்னால் ஓட்டை, ஒரு முஷ்டி அளவு. நித்யா ஓடி வந்து "சூட்கேஸ் இடிச்சிருச்சு அத்தை" என்றாள். அன்று மத்தியானம் மூன்று பேரும் சாப்பிட உட்கார்ந்தோம். உப்பு எடுக்க நீ அவளைத் தாண்டிக் கையை நீட்டினாய். அவள் கை சட்டென்று முகத்துக்குப் போயிற்று. நீ கவனிக்கவில்லை. அவளும் உடனே முடியைச் சரிசெய்கிற மாதிரி சமாளித்துவிட்டாள். என்னிடம் அது நடக்குமா? அந்தக் கையை எனக்குத் தெரியாதா?

நான் அப்போதே கேட்டிருப்பேன், நீ எழுந்துபோய்க் கார் சாவியை எடுத்துக்கொண்டு "ஸ்டோர் போறேன்" என்று கிளம்பிவிட்டாய். சரி, சந்தேகம்தானே என்று ஊருக்கு வந்துவிட்டேன். இப்போது நீ வேலையும் போய், கோபமும் ஏறி, லைசன்ஸ் இல்லாத, இந்த நாட்டில் ஒருத்தரையும் தெரியாத ஒரு பெண்ணைக் கூட்டிக்கொண்டு, மூன்று மாசம் ஒரு பெட்டிக்குள் இருக்கப்போகிறேன் என்கிறாய். எந்தக் கம்பெனி என்று என்னைக் கேட்கிறாய்.

கேட்டதற்கு ஒழுங்காகப் பதில் சொல்கிறேன். என்ஜினையும் சக்கரத்தையும் இரண்டு கம்பெனிக்காரர்களுமே வெளியிலிருந்து வாங்கித்தான் மாட்டுகிறார்கள், அதில் பெரிய வித்தியாசம் இல்லை. இது உன் அப்பா ஒரு வருஷம் அலைந்து கண்டுபிடித்தது. அவர்கள் கட்டுவது மேலே இருக்கும் வீட்டைத்தான். நீ தேர்ந்தெடுப்பதும் வீட்டைத்தான். பளபளக்கும் சமையல் மேடையைப் பார்த்து மயங்காதே. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே நட, தரை எங்காவது மெத்தென்று அமுங்கினால் தண்ணீர் இறங்கியிருக்கிறது. மூடியிருக்கும் அலமாரியைத் திறந்து மோந்து பார். கூரையில் ஏறி ஒட்டுப் போட்ட இடத்தை விரலால் அழுத்திப் பார். இதெல்லாம் இரண்டு வண்டியிலும் சரியாக இருந்தால் பழுப்புக் கோட்டை வாங்கு. பக்கத்து சீட்டுக்குக் கதவு இருக்கிறது. படுக்கையறைக்கு மரக் கதவு இருக்கிறது. வாங்கியதும் இன்னொரு சாவி செய்து நித்யா கையில் கொடு. கிளம்புவதற்கு முன் அவளுக்கு ஓட்டக் கற்றுக்கொடு, நீ கற்றுக்கொடுக்காதே, டிரைவிங் பள்ளியில் சேர்த்துவிடு. உனக்குக் கோபம் வந்தால் அவள் உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொள்ளட்டும், நீ வெளியே போய் நட. அமெரிக்காவில் நடக்கிற இடத்துக்குப் பஞ்சமா?

இதுவரை செவ்வாய்க்கிழமை எழுதினேன். தபாலில் போடுவதற்கு முன் நித்யாவிடம் படித்துக் காட்டிவிட வேண்டும் என்று தோன்றியது, அவளைப் பற்றி அவளுக்குத் தெரியாமல் எழுதுவது நியாயமில்லை. புதன்கிழமை மத்தியானம் நீ வண்டியை ஓட்டிப் பார்க்கப் போயிருந்த நேரத்தில் போன் செய்தேன். முழுவதையும் படித்தேன். ஃபிரிட்ஜ் கதவு, தயிர், கிழவியின் சிரிப்பு, எல்லாம். லைன் கட்டாகிவிட்டதோ என்று இரண்டு தடவை பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். முடித்ததும், இதை அனுப்பட்டுமா என்று கேட்டேன். "அந்தத் தாழ்ப்பாள் ஸ்ட்ராங்கா இருக்குமா அத்தை?" என்று கேட்டாள். "அவர் தோளால மோதினா தாங்குமா? இங்க பாத்ரூம்ல இருக்கறது தாங்கல."

போனைப் பிடித்துக்கொண்டே சமையலறைத் தரையில் உட்கார்ந்துவிட்டேன். டேகேர் குழந்தைகள் விளையாட்டை விட்டுவிட்டு என்னைச் சுற்றி நின்று பார்த்தார்கள். நான் என்ன பைத்தியக்காரி! ஒரு பெண்ணைக் காப்பாற்ற நல்ல தாழ்ப்பாள் போட்ட வண்டியாகப் பார்த்து வாங்கச் சொல்லி நாலு பக்கம் எழுதியிருக்கிறேன். அடி வாங்கி வாங்கி என் புத்தியும் அந்தப் பெட்டி அளவுக்குச் சுருங்கிவிட்டது போல. அவளிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். "என்கூட வர்றியாம்மா?" அவள் அழுதுகொண்டே "வரேன்" என்றாள்.

அதனால் இந்தக் கடிதம் தபாலில் வராது. வெள்ளிக்கிழமை நானே சான் ஹோசேயில் வந்து இறங்குகிறேன், வாடகைக் கார் எடுத்து நானே ஓட்டிக்கொண்டு வருகிறேன். நித்யாவைக் கோயிலுக்குக் கூட்டிப்போவதாக உன்னிடம் சொல்வேன். அவள் கீழே போய்க் காரில் உட்கார்ந்து கதவைப் பூட்டிக்கொண்ட பிறகு இதை உன் மேஜைமேல் வைப்பேன். நான் உன்னை வெறுக்கவில்லை, அருண். உன்னை வெறுக்க எனக்கு வராது, முயற்சி செய்து பார்த்துவிட்டேன். கோபத்தை அடக்கக் கற்றுக்கொடுக்கும் டாக்டர்கள் உன் ஊரிலேயே இருக்கிறார்கள், போ. போனால் எனக்குச் சொல், சந்தோஷப்படுவேன். அவள் எப்போது திரும்புவாள் என்று மட்டும் என்னைக் கேட்காதே, திரும்புவாளா என்பதே அவள் முடிவு. ஆலன் வீட்டுக்கு வந்து கதவைத் தட்டினால் போலீஸைக் கூப்பிடுவேன். படியில் வழுக்கியது என்று சொல்ல மாட்டேன்.

நீ இப்போது எழுந்து நின்றிருப்பாய். கை மூடியிருக்கும். உட்கார், கண்ணா. நாங்கள் கிளம்பிவிட்டோம்.

அம்மா